வேலிச் சத்தம் கேட்காத நான்காம் நாள்

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் கடல் தாண்டிக் கொடைக்கானல் போனேன். கேள்வி கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசோதிப்பவரின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். அந்த முகமறியாத மனிதர் கேட்டிருந்தது இதுதான்: "மூன்று நாள் மட்டும் மின்வேலியை அணைத்துவைக்க ஏற்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காம் நாளும் வேலியின் இரைச்சலைக் காணோமே, ஏன்?"

நான் இலங்கை ஹட்டன்காரி. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பூமிக்குக் காந்தப்புலம் இருக்கிறது, சூரியனுக்கு இருக்கிறது, கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டங்களுக்கும் இருக்கிறது. தயிர் தோய உறைமோர் வேண்டும் என்பதுபோல, இவ்வளவு பெரிய புலங்கள் வளர்வதற்கும் முதலில் துளி காந்தப்புலம் இருந்திருக்க வேண்டும். அந்த உறைமோர் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு நட்சத்திரம்கூடப் பிறக்காத ஆதி காலத்திலேயே அது வெளியெங்கும் பரவியிருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் அதன் மிச்சம் இன்றும் வெறுமையான இடங்களில் கிடக்க வேண்டும். வெகுதூரத்திலிருந்து வரும் ரேடியோ அலை அதைக் கடக்கும்போது அலை அதிரும் திசை அணுவளவு திரும்பும். அந்தத் திருப்பத்தை அளக்கப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இதற்காகக் கொடைக்கானல் மலையில், கவுஞ்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் ரேடியோ அலை வாங்கும் நாற்பது கம்பங்களை நட்டுவைத்திருக்கிறோம். சுற்றிலும் மலை மறைப்பதால் ஊர்களின் ரேடியோ சத்தம் அங்கே அதிகம் எட்டாது. எட்டிய சத்தம் ஒன்றே ஒன்று. பக்கத்துப் பூண்டுக் காட்டில் காட்டுமாடு இறங்காமலிருக்கப் போட்ட சோலார் வேலி. அது நொடிக்கொரு தரம் கம்பியில் மின்சாரத்தைத் தட்டும். எங்கள் கருவியில் அது டிக், டிக் என்று விடிய விடியக் கேட்கும்.

காட்டின் சொந்தக்காரர் வேலுச்சாமி. இரண்டு வருடத்துக்கு முன் கம்பம் நட வந்தபோது நானே அவரோடு உட்கார்ந்து பேசினேன். அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது என்பதால் அவர்தான் வழி சொன்னார். நாங்கள் வானத்தைக் கேட்கும் நாட்களில் உயரமான கம்பத்தில் சிவப்புத் துணி ஏற்றுவோம். துணி தெரிந்தால் அவர் அன்று வேலியைப் போடமாட்டார். பதிலுக்கு, துணி பறக்கிற நாளில் எங்கள் காவலாள் அவரோடு காட்டில் உட்கார்ந்து தகரம் தட்டி மாடு விரட்ட வேண்டும். கைகுலுக்கிக் கொண்டோம். வரும்போது ஒரு பை நிறையப் பூண்டு கொடுத்தார். அதை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

போன வருடம் மாசியில் மூன்று நாள் துணி ஏற்றினோம். மூன்று நாளும் மழை மேகம், மின்னல், பதிவு முழுக்க அதன் கீறல். நான்காம் நாள் மதியம் ஹட்டனிலிருந்து தொலைபேசியில் காவலாளைப் பிடித்து, "இன்னும் ஒரு நாள் ஓடட்டும். வேலிச் சத்தத்தோடு வந்தாலும் பரவாயில்லை" என்றேன். பதிவு கைக்கு வந்து பார்த்தால் அந்த நான்காம் நாள்தான் எல்லாவற்றிலும் சுத்தம். ஒரு டிக் கூட இல்லை. வேலியின் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து அன்றைக்குச் சந்தோஷத்தில் பால்சோறு பொங்கிச் சாப்பிட்டேன். இதை எழுத இப்போது கூசுகிறது.

என்னோடு கட்டுரை எழுதிய நண்பர், "பேட்டரி பழுதுன்னு எழுதி அனுப்புங்க. யார் கவுஞ்சிக்குப் போய்ப் பார்க்கப் போறாங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பார்க்காததை எழுதுவதில்லை என்று அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிவிட்டு, ஒரு பையில் சட்டைகளையும் வேலுச்சாமிக்காக அரைக் கிலோ ஹட்டன் தேயிலையையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. மலை ஏறும் பேருந்தில் எனக்குக் கடைசி வரிசைக்கு முந்தின இருக்கை. எங்கள் ஊர் மலைப்பாதைகளில் வளர்ந்தவள், எனக்கா வாந்தி வரும் என்று இறுமாப்பாக இருந்தேன். பத்தாவது வளைவில் இறுமாப்பு இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். முன் இருக்கையில் கேரளத்துப் புதுமணத் தம்பதி. "கம்பளி வேண்டாம் என்று நீதானே சொன்னாய்?" என்று மலையாளத்தில் அவள் கேட்க, "குளிரும் என்று யார் கண்டார்கள்?" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மலையில் குளிரும் என்பது தெரியாமல் ஒருவன் மலைக்கு வருகிறான்.

பாதி வழியில் பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்தால் அதுவும் தட்டை. நடத்துநர் அதைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு, "எறங்கி நில்லுங்க, அடுத்த வண்டி வரும்" என்றார். பாதையோரக் கடையில் வாழைக்காய் பஜ்ஜியும் டீயும். இங்கே டீ என்றால் பால்தான், தேயிலை பேருக்கு. எங்கள் ஊரில் தேயிலை மட்டும் போட்டுச் சாயமாகத் தருவதைக் கேட்டேன். கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "வயித்துக்குச் சேரலைங்களா?" என்றார்.

கொடைக்கானலில் நாயுடுபுரத்தில் அறை. மறுநாள் முழுக்க மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. நுவரெலியாவும் இப்படித்தான், ஆனால் அங்கே மூடுபனிக்குள் ஹாரன் இத்தனை இருக்காது. கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் கம்பளித் தொப்பி வாங்கினேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கவுஞ்சி என்றேன்.

"சோலியாவா, சுத்திப் பாக்கவா?"

"வேலையாத்தாங்க."

"வெள்ளனே போகாதீங்க, வெயில் வந்தப்புறம் போங்க. பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கையில பாத்து நடங்க. காட்டுமாடு சும்மா மேஞ்சுக்கிட்டு கெடக்கும். போன வருசம் அந்தப் பக்கம் ஒருத்தரத் தட்டிருச்சு. சொந்தக் காட்டுக்குள்ளயே. வேலிய பொண்டாட்டிதான் அமத்திப்புட்டான்னு சொல்றாங்க. பாவம், மனுசன் எங்கிட்டதான் டார்ச் லைட்டெல்லாம் வாங்குவாரு."

பேர் கேட்கத் தோன்றவில்லை. தொப்பி காதை மூடுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கவுஞ்சி. பேருந்தில் பாதி இடத்தை உர மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. பூம்பாறை தாண்டியதும் படிப்படியாக இறங்கும் வயல்கள், கேரட், பூண்டு, பீன்ஸ். எங்கள் ஊரில் மலையென்றால் தேயிலைதான், ஒரே பச்சை. இங்கே மலைச்சரிவில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பச்சை. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கம்பி.

காவலாள் சிவலிங்கம் நிறுத்தத்தில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இளவயதில் கப்பலேறி இங்கே அனுப்பப்பட்டவர். சிவலிங்கம் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் நிலையத்தின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும், "தேத்தண்ணி ஊத்தவா மேடம், சாயமா?" என்று கேட்டார். இரண்டு நாளில் முதல் முறையாக நல்ல தேநீர் குடித்தேன்.

குடித்துவிட்டு, "முதல்ல வேலுச்சாமியப் பாக்கணும். அவருக்குத் தேயிலை கொண்டாந்திருக்கேன். அப்படியே போன வருசம் நாலாம் நாள் வேலி ஏன் ஓடலைன்னும் கேட்டுக்கலாம்" என்றேன்.

சிவலிங்கம் என் கையிலிருந்த காலிக் குவளையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கழுவும் சத்தம் கேட்டது. ஒரு குவளையைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

அவர் வருவதற்குள் பதிவேட்டைத் திறந்தேன். நானே கோடு போட்டுக்கொடுத்த பதிவேடு. துணி ஏற்றிய நேரம் ஒரு கட்டத்தில், இறக்கிய நேரம் அடுத்த கட்டத்தில். மாசியில் மூன்று நாள் என்பதால் நான்காம் நாளே துணி இறங்கியிருக்க வேண்டும். சிவலிங்கத்தின் உருண்டையான கையெழுத்தில், இறக்கியது ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணி என்று இருந்தது. அவர் பொய் எழுதவில்லை. நான் அந்தக் கட்டத்தை ஒரு வருடமாகக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் உள்ளே வந்து நின்றார். "வேலுச்சாமி அண்ணன் இல்ல மேடம்."

"எங்க போயிருக்காரு?"

"செத்துப்போயிட்டாரு. அந்த நாலாம் நாளு ராத்திரி போயி விடியக்காலம். காட்டுமாடு."

தொப்பிக் கடையில் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

சிவலிங்கம் நின்றபடியே சொன்னார். நான் தொலைபேசியில் பிடித்தபோது அவர் ஏதோ வாங்க மன்னவனூர் போயிருந்தார், அங்கே சிக்னல் உண்டு. திரும்பி வந்து பதிவுக் கருவியை ஓடவிட்டார். மூன்று நாளாகத் தூங்கவில்லை. துணியை இறக்கப் போனால், மழையில் ஊறிய கயிற்றின் முடிச்சு இறுகிப் போய்க் கிடந்தது.

"கடைசி பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டான் மேடம். வெரசா போயி வீட்டுல படுக்கணும்னு இருந்துச்சு. காலையில வந்து அறுத்து எறக்கிக்குவோம்னு ஓடிட்டேன். துணி மேல கெடந்தத அண்ணன் பாத்திருக்காரு. சொன்ன வாக்குக்கு வேலியப் போடல. நான் தொணைக்கு வருவேன்னு தகரத்த எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு. காலையில வந்தப்ப காவக் குடிசையில ரெண்டு கம்பளி கெடந்துச்சு. ஒண்ணு எனக்கு."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டுவதற்கு எந்த முகத்தோடு திட்டுவது? இன்னும் ஒரு நாள் கேட்டது யார்?

"ஊருல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அழகம்மாக்கா அமத்திட்டாங்கன்னு நெனைக்கிறாங்க. அக்காவும் அப்படித்தான் நெனைக்குது."

அழகம்மாள் வேலுச்சாமியின் மனைவி. தினமும் விடியற்காலையில் வீட்டிலிருந்து டீ எடுத்துப் போய், காட்டு வாசலில் இருக்கும் பெட்டியில் வேலியை அணைத்துவிட்டு உள்ளே போவது அவர் வழக்கம். அந்த மூன்று நாளும் அவர் தங்கையின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தார். நான்காம் நாள் இருட்டிய பிறகு வந்து இறங்கியதால் துணியைப் பார்க்கவில்லை. மறுநாள் விடிகாலை வழக்கம்போல இருட்டில் பெட்டியைத் திறந்து குமிழைத் திருப்பினார், அல்லது திருப்பியதாக நினைத்தார். உள்ளே போனால் கணவர் கிடந்தார். நேரத்துக்கு முன்னால் இவள் அணைத்ததால்தான் மாடு புகுந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அன்று மாலை கொட்டகையில், கருவியின் ஒலிபெருக்கியில் டிக், டிக் என்று தொடங்கியது. "குருசாமி வேலியப் போட்டுட்டாரு. அண்ணனோட தம்பி. அக்காவ யாரும் பெட்டியத் தொட விடுறதில்ல" என்றார் சிவலிங்கம். இரண்டு தோசை வைத்தார். இரண்டையும் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு என்னென்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பேட்டரி பழுது என்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான்காம் நாளைக் கட்டுரையிலிருந்தே தூக்கிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது, செத்தவர் வரவா போகிறார் என்றும் தோன்றியது. பார்க்காததை எழுதுவதில்லை என்று நண்பருக்கு நான் எழுதிய நீண்ட கடிதம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

பயணத்தின் நான்காம் நாள் காலை, வெயில் வந்தபின் சிவலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் வாசலுக்குப் பத்தடி முன்பே நின்றுகொண்டார். அழகம்மாள் சாக்கை விரித்துப் பூண்டுகளின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர். "கம்பம் நட்ட அம்மாவா? வாங்க. அவரு ஒங்களப் பத்திப் பேசுவாரு" என்றார். தேயிலைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அவருக்கு வருசத் திதி" என்றார். "வெளக்கு ஏத்த நாத்தனாரு வந்திருக்காக. நான் ஏத்தக் கூடாதாம். என் கைதான் அமத்துச்சு, அந்தக் கையால வேணாங்கறாக. அதுவும் நாயந்தான்."

"நீங்க அமத்துனது ஞாபகம் இருக்குங்களா?"

"டெய்லி செய்யிறதுதானம்மா. கை போனது ஞாபகம் இருக்கு. திருப்புனேனா, முன்னாடியே திரும்பிக் கெடந்துச்சாங்கறது ஞாபகமில்ல. ஒரு வருசமா அதையே யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். இன்னிக்கு ஒரு மாதிரி தோணுது, நாளைக்கு வேற மாதிரி தோணுது."

மடிக்கணினியைத் திறந்தேன். பதிவைக் காதால் கேட்கும் சத்தமாக மாற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டு, முதலில் வேறொரு நாளைப் போட்டேன். டிக், டிக்.

"இது எங்க வேலி" என்றார் உடனே.

"ஆமாங்க. வேலி ஓடினா எங்க மெஷின்ல இது விழாம இருக்காது. இப்ப அந்த நாள் போடுறேன். இருட்டினதுல இருந்து நல்லா விடியிறவரைக்கும் இருக்கு. எங்க வேணும்னாலும் தள்ளித் தள்ளிக் கேளுங்க."

வெறும் இரைச்சல். தூரத்து மழைபோல ஒரே சீரான இரைச்சல். நான் பொழுது சாய்ந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். எங்கும் டிக் இல்லை. அழகம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். விடியற்காலைப் பகுதி வந்ததும், இதுதான் அந்த நேரம் என்று அவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் அமத்தலையா?"

"இல்லீங்க. அன்னிக்கு வேலி ஓடவே இல்ல. துணி எறக்காமக் கெடந்துச்சு. அதப் பாத்து அவரு வேலியப் போடல. தொணைக்கு வர வேண்டிய ஆளு வரல. அன்னிக்கு இன்னொரு நாள் வேணும்னு கேட்டது நான்."

இதைச் சொல்வதற்கு எத்தனையோ விதமாக வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான். அழகம்மாள் ஹெட்போனைக் கழற்றவில்லை. நான் சொன்னது கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. பிறகு கேட்டார்.

"இந்தச் சத்தமெல்லாம் என்னது?"

"வானத்துல இருந்து வர்றதுங்க. ரொம்பத் தூரம், ரொம்ப காலத்துக்கு முன்னாடி கெளம்புனது."

"எவ்வளவு தூரம்?"

"சொன்னா நம்பமாட்டீங்க. இந்தப் பூமி உண்டாகிறதுக்கு முன்னாடியே கெளம்புனதெல்லாம் இருக்கு."

"அவ்வளவு தூரத்துல இருந்து வர்றது இதுல கேக்குது." ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டார். "அவரு ஒங்க கம்பத்துக்குப் பக்கத்துலதானம்மா கெடந்தாரு. என்னைக் கூப்புட்டிருப்பாரு. அது இதுல இருக்குமா?"

"இருக்காதுங்க" என்றேன். "இது மனுசங்க கொரல் கேக்காது."

ஹெட்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். வாசலுக்கு அப்பால் நின்ற சிவலிங்கத்தை ஒரு தடவை பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழகம்மாள் மறுபடி அரிவாளை எடுத்துப் பூண்டுத் தாள் அறுக்க ஆரம்பித்தார். நாலைந்து அறுத்தபின் நிமிராமலே சொன்னார்.

"நாளைக்கு எல்லாரும் இருக்கையில வந்து இதச் சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க."

ஐந்தாம் நாள் திதி. கூடத்தில் வேலுச்சாமியின் படம், முன்னால் இலையில் சோறு, அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கட்டுப் பீடி. பத்து இருபது பேர். குருசாமிக்கு அண்ணனின் அதே தாடை, அதே உயரம். நான் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். துணியைப் பற்றி, மூன்று நாள் ஏற்பாட்டைப் பற்றி, நான் கேட்ட நான்காம் நாளைப் பற்றிச் சொன்னேன். வேலி அன்று ஓடவில்லை என்பதைக் கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்று கணினியைத் திறந்து வைத்தேன். நாத்தனார் கேட்டார். இரண்டு ஆண்கள் கேட்டார்கள். குருசாமி கேட்கவில்லை.

சிவலிங்கம் என்னைச் சொல்லவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து வந்து, "முடிச்சு அவுழல, விட்டுட்டுப் போனது நான்தான்" என்றார்.

குருசாமி அவரருகே போனார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏலே சிவலிங்கம்" என்றார் மெதுவாக. "ஒரு வருசமா இந்த வீட்டுல சோறு தின்னியேலே. எங்க மதினி ஆக்கிப் போட்ட சோத்த."

குருசாமி என் பக்கம் திரும்பினார். என்னிடம் மட்டும் மரியாதை குறையவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்க படிச்சவுக. என்னமோ ஒசந்த சோலியாத்தான் வந்திருப்பீக. அந்தக் கம்பத்தப் பூராப் புடுங்கிட்டுப் போயிருங்க. இனிமே இங்க ஒண்ணையும் கேக்க வேணாம்."

"சரிங்க" என்றேன்.

நாத்தனார் தீப்பெட்டியை எடுத்து அழகம்மாளின் கையில் கொடுத்தார். அழகம்மாள் விளக்கை ஏற்றினார். இரண்டு குச்சி அணைந்து மூன்றாவதில் பிடித்தது. எனக்கு இலை போட்டார்கள். வேண்டாமென்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புறப்படும்போது அழகம்மாள் வாசல்வரை வந்தார். "சொன்னதுக்கு நல்லாருங்கன்னு சொல்லணும். வாய் வர மாட்டேங்குது" என்றார். வரத் தேவையில்லை என்று சொன்னேன். அவர் தலையசைத்தார்.

மதியம் கொட்டகையில் உட்கார்ந்து முகமறியாத மனிதருக்குப் பதில் எழுதினேன். நான்காம் நாள் வேலி அணைந்திருந்தது, பேட்டரி பழுது இல்லை, எங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகக் காட்டுக்காரர் வேலுச்சாமி வேலியைப் போடவில்லை, அந்த இரவு விடியும் வேளையில் அவர் காட்டுமாடு தாக்கி இறந்தார் என்று எழுதினேன். அதற்குக் கீழே, அந்த நாளின் பதிவிலும் ஆதி காந்தப்புலத்தின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. எங்கள் கட்டுரையே அதுதான். இருந்தால் இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லும் கட்டுரை. நான்காம் நாளால் அந்த அளவு கொஞ்சம் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

சிவலிங்கம் கம்பங்களின் கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். கவுஞ்சியில் இனி இருக்க முடியாது, பெரும்பாறையில் மச்சான் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான், அங்கே கேட்டுப்பார்க்க வேண்டும் என்றார். அவருடைய அப்பா ஒரு மலையை விட்டு இந்த மலைக்கு வந்தார். இவர் இந்த மலையிலேயே கீழே இறங்கப் போகிறார்.

பொழுது சாயும் நேரம். கடைசிப் பதிவுத் தட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கருவியை ஓடவிட்டிருந்தேன். ஒலிபெருக்கியில் வானம் இரைந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தபோது, வேலுச்சாமியின் காட்டு வாசலில் குருசாமி நின்றார். வழக்கமாகப் பெட்டிக்கு அருகே நிற்பவர் இன்று தள்ளி, வரப்பில் நின்றார். பெட்டிக்கு முன்னால் அழகம்மாள். வெகுநேரம் அசையவில்லை. பிறகு கையை உள்ளே விட்டார்.

டிக்.

டிக்.

உள்ளே வந்த சிவலிங்கம் கருவியை நிறுத்தக் கை நீட்டினார். இருக்கட்டும் என்றேன்.